ஃபால்அவுட் தொடர்: ஆட்டத்தைத் தொடாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

"அது வீடியோ கேமை வைத்து எடுத்ததாமே, விளையாடாதவர்களுக்குப் புரியுமா?" ஃபால்அவுட் தொடரைப் பார்க்கச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இதுதான். புரியும். சொல்லப்போனால், விளையாடாதவர்களுக்குத்தான் முதல் சீசன் முழு ருசியோடு கிடைக்கிறது. அதற்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். தொடர் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, எதையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பள்ளிக்கூடப் புத்தியில், 1997-இல் வந்த முதல் ஆட்டத்தைக் கணினியில் ஏற்றினேன். முதுகுக்குப் பின்னால் பெரிய இரும்புக் கதவு மூடிக்கொள்கிறது. எதிரே இருட்டுக் குகை. காலடியில் ஒரு பிணம். சுற்றிலும் எலிகள். என் முறை, எலியின் முறை என்று மாறி மாறி அடித்துக்கொள்ளும் ஆட்டம் அது. என் முறை வரும்போதெல்லாம் என் கை எலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குத்தியது. மூன்று இரவுகள் அந்த எலிகளோடு மல்லுக்கட்டிவிட்டு மூடி வைத்தேன். தொடர் வந்தபோது இந்த உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது எலிகள் மட்டும்தான். குறை ஒன்றும் நேரவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி, நான் போன வழியில் நீங்கள் போகாமல் இருப்பதற்காக. முதல் எபிசோடைத் தாண்டிக் கதையை உடைக்க மாட்டேன். உடைத்தே ஆக வேண்டிய ஓர் இடத்தில் முன்கூட்டியே எச்சரிப்பேன்.

முதல் படி: எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

ஆட்டத்தைத் தழுவிய தொடர்களில் இரண்டு வகை உண்டு. ஆட்டத்தின் கதையையே நடிகர்களை வைத்து மறுபடி சொல்வது ஒரு வகை. ஆட்டத்தின் உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் புதிய மனிதர்களை உலவ விடுவது இன்னொரு வகை. ஃபால்அவுட் இரண்டாம் வகை. லூசி, மாக்ஸிமஸ், கூல் என்ற மூன்று முக்கியப் பாத்திரங்களும் எந்த ஆட்டத்திலும் இல்லாதவர்கள். கதை நடப்பது 2296-இல். அதற்கு முன் வெளிவந்திருந்த எந்த ஆட்டத்தின் கதையும் அந்த ஆண்டை எட்டவில்லை. எனவே இருபத்தைந்து ஆண்டுகளாக விளையாடி வருகிறவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனால் ஆட்டங்களில் நடந்தவை இந்த உலகத்தின் வரலாறாகவே நிற்கின்றன. ஆட்டங்களை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனத்தின் டாட் ஹோவர்டு தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர். தொடரின் நிகழ்ச்சிகளும் ஆட்டங்களின் காலவரிசையில் சேர்த்திதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

தொடரை வடிவமைத்து நடத்துபவர்கள் ஜெனீவா ராபர்ட்சன்-டுவோரெட், கிரகாம் வாக்னர் இருவரும். முதல் மூன்று எபிசோடுகளை இயக்கியவர் ஜொனாதன் நோலன். அமேசான் பிரைம் வீடியோவில் 2024 ஏப்ரலில் முதல் சீசனின் எட்டு எபிசோடுகளும் ஒரே மூச்சில் வந்தன. இரண்டாவது சீசனின் எட்டு எபிசோடுகள் 2025 டிசம்பரில் தொடங்கி வாரம் ஒன்றாக வந்தன. மூன்றாவது சீசனும் உண்டு என்று 2025 மே மாதமே அறிவித்துவிட்டார்கள். தொடங்கினால் அந்தரத்தில் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: சில சொற்கள் போதும், அதற்கு மேல் தேடாதீர்கள்

ஃபால்அவுட் என்பது அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசு. தலைப்பே கதையின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

2077 அக்டோபர் 23. அன்று அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்ட அணு ஆயுதப் போர் இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோனது. இந்தத் தேதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதற்கு 219 ஆண்டுகள் பின்னால் நடக்கிறது. இடையிடையே அந்த நாளுக்கும் அதற்கு முந்தைய நாட்களுக்கும் திரும்பிப் போய் வருகிறது.

வால்ட் என்றால் பூமிக்கடியில் கட்டிய நிலவறை. குண்டு விழுந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வால்ட்-டெக் என்ற நிறுவனம் இடம் விற்றது. அந்த நிறுவனத்தைப் பற்றி வேண்டுமென்றே இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல்: பழைய தொழில்நுட்பத்தைத் தேடிப் பொறுக்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் கூட்டம். பாதி ராணுவம், பாதி மடாலயம். ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்புக் கவசம் அணிபவர்கள் இவர்கள்தான்.

கூல் (ghoul): கதிரியக்கத்தில் தோல் வெந்து, மூக்கு போய், ஆனால் சாகாமல் நூற்றாண்டுக் கணக்கில் நடமாடும் மனிதன். தமிழில் எழுதினால் குளிர்ச்சி என்றும் படிக்கலாம், கூழ் என்றும் காதில் விழும். வேறு எழுத்து நமக்கு வாய்க்கவில்லை. ஆளைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

அங்கே பணம் என்பது சோடா பாட்டில் மூடி. அவ்வளவுதான்.

இதற்கு மேல் படித்துக்கொண்டு போக வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் லூசி. எல்லா பர்னெல் என்ற நடிகை ஏற்றிருக்கும் இந்தப் பெண் 33-ஆம் எண் வால்டில் பிறந்து வளர்ந்தவள். வானத்தைப் பார்த்ததே இல்லை. தந்தையைத் தேடி மேலே வருகிறவளுக்கு எது உணவு, எது விஷம், யார் திருடன், யாரிடம் வணக்கம் சொல்லக்கூடாது என்று ஒன்றும் தெரியாது. எல்லோரிடமும் பள்ளி ஆண்டுவிழாத் தொகுப்பாளினிபோல மரியாதையாகப் பேசுகிறாள். உங்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்கும் தெரியாது. நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறவன் அவளுக்குப் பக்கத்தில் நடக்க முடியாது, பத்தடி முன்னால் நின்று கொட்டாவி விட வேண்டியிருக்கும்.

தொடருக்காகவே புதிதாகச் சேர்த்தவையும் உண்டு. கூல்கள் மதி கெட்டு மிருகமாகாமல் இருக்க ஒரு மருந்துக் குப்பியை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய ஆட்டங்களில் இல்லாத விதி. அந்த இடத்தில் பழைய ரசிகரும் நீங்களும் சமம்.

மூன்றாம் படி: முதல் எபிசோடை அவசரப்படாமல் பாருங்கள்

முதல் எபிசோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மூன்று முக்கியப் பாத்திரங்களையும் தனித்தனியாக அறிமுகப்படுத்துகிறது. கைபேசியை நோண்டிக்கொண்டே பார்த்தால் மூன்றில் ஒன்று கை நழுவிவிடும்.

தொடக்கக் காட்சி லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் ஒரு வீட்டில் நடக்கும் குழந்தைப் பிறந்தநாள் விழா. நாட் கிங் கோலின் குரலில் உல்லாசமான பழைய காதல் பாட்டு. கூப்பர் ஹோவர்டு என்ற நடிகர் கௌபாய் வேடத்தில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறார். வால்டன் காகின்ஸ் அந்தப் பாத்திரத்தில். கட்டை விரலை உயர்த்திப் படத்துக்கு நிற்கச் சொல்கிறார்கள், மறுத்துவிடுகிறார். ஏன் என்று மகள் கேட்கிறாள். ராணுவத்தில் கற்றுக்கொடுத்தது என்று சொல்கிறார்: தூரத்தில் குண்டு விழுந்தால் கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திப் பார், புகைமேகம் விரலைவிடச் சிறியதாக இருந்தால் ஓடு, பெரியதாக இருந்தால் ஓடிப் பயனில்லை.

சற்று நேரத்தில் அடிவானத்தில் ஒரு வெளிச்சம். மகள் விரலை உயர்த்துகிறாள். உங்கள் விரலா, என் விரலா என்று அப்பாவைக் கேட்கிறாள்.

இந்தத் தொடர் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். ஆட்டங்களில் கட்டை விரலை உயர்த்திக் கண்ணடிக்கும் சின்னப் பையனின் படம் சின்னமாக வரும். அவன் உற்சாகம் காட்டவில்லை, புகைமேகத்தை அளக்கிறான் என்று ரசிகர்கள் வெகுகாலம் ஊகித்து வந்தார்கள். தொடர் அந்த ஊகத்தைக் கையில் எடுத்து, ஒரு குழந்தையின் கேள்வியாக மாற்றிவிட்டது. பின்னணி தெரியாதவருக்கும் அந்தக் கேள்வி வயிற்றைப் பிசையும்.

அடுத்து லூசியின் கல்யாணம். தமிழ் வாசகர் இங்கே தனியாகச் சிரித்துக்கொள்ளலாம். 33-ஆம் வால்டில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. சிற்றப்பன் பெரியப்பன் வழிப் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ள முடியாது. முறைமாப்பிள்ளை ஏற்பாடும் அங்கே கிடையாது. எனவே பக்கத்து வால்டிலிருந்து மாப்பிள்ளை கேட்டுக் குழுவின் முன் நின்று விண்ணப்பம் வாசிக்கிறாள். ஜாதகம் ஒன்றுதான் குறை. பழுதுபார்த்தல், அறிவியல், பேச்சு என்று தன் திறமைகளை அடுக்குகிறாள் பாருங்கள், அந்த மூன்றும் ஆட்டத்தில் நம் பாத்திரத்துக்குப் புள்ளி சேர்க்கும் திறன்களின் பெயர்கள். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு அது வேலை விண்ணப்பம்போலத் தோன்றும், அதுவும் சிரிப்புத்தான். மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பது மணமேடையில்தான். அந்த இரவு நல்லபடியாக விடியாது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மாக்ஸிமஸாக வரும் ஆரன் மோட்டனின் பகுதி முதலில் மந்தமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிரதர்ஹுட் படையில் வீரனுக்குப் பின்னால் மலைபோன்ற மூட்டையைச் சுமந்து நடக்கும் ஏவலாளாவதே அவனுக்குப் பெரும் பதவி உயர்வு. அந்த ஏக்கத்தைக் கவனித்துக்கொண்டால், பின்னால் அவன் எடுக்கும் முடிவுகள் விளங்கும்.

நான்காம் படி: யாரோடு பார்ப்பது

பிள்ளைகளோடு வேண்டாம். வண்ணமும் கேலியும் பார்த்துச் சிறுவர் தொடர் என்று ஏமாந்துவிடக்கூடாது. விரல் துண்டாகும், தலை சிதறும், அதற்குப் பின்னணியில் ஐம்பதுகளின் இனிய பாட்டு ஓடும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தத் தொடருக்கு மட்டும் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: மொழியும் வேகமும்

பிரைம் வீடியோவில் ஒலி, வசன வரிகள் இரண்டுக்குமான தேர்வைத் திறந்து உங்கள் பகுதியில் என்னென்ன மொழிகள் கிடைக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை மூல ஆங்கில ஒலியும் கீழே வசன வரிகளும். லூசியின் மழலையான மரியாதைக்கும் கூலின் இழுத்துப் பேசும் தெற்கத்திய உச்சரிப்புக்கும் உள்ள முரண்தான் பாதி நகைச்சுவை; மொழிமாற்றத்தில் அது கரைந்துவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு. எட்டையும் ஒரே இரவில் பார்த்தால் ஏழாவதில் பெயர்கள் குழம்பிப்போய், எட்டாவதில் வரும் வெடி நமுத்துவிடும். எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் வசதியையும் நிறுத்தி வையுங்கள். முடிவில் பெயர்கள் ஓடும்போது பின்னால் பாழ்நிலத்தின் ஓர் இடம் விரிந்து செல்லும். வெறும் அலங்காரம் என்று நினைத்து நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி எபிசோடில் அது அடுத்த சீசன் எங்கே நடக்கும் என்றே சொல்லிவிடுகிறது.

கண்ணுக்கு இன்னொரு விருந்தும் உண்டு. லூசி நடந்து போகும் மணல் நிறைந்த வீடுகளில் சில, நமீபியாவில் உள்ள கோல்மன்ஸ்கோப் என்ற கைவிடப்பட்ட ஊர். வைரச் சுரங்கத்துக்காக எழுந்து, வைரம் தீர்ந்ததும் ஆளில்லாமல் போய், பாலைவனம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து குடியேறிய இடம். அறையின் பாதி உயரத்துக்கு நிற்கும் அந்த மணலை யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. இரும்புக் கவசமும் அப்படித்தான், உள்ளே ஆள் நிற்கும் நிஜமான உடை. தொடரை 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்திருக்கிறார்கள். அந்தச் சூரியவெளிச்சம் பெரிய திரையில் பார்த்தால்தான் தெரியும். கைபேசியில் பார்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தேடுபொறியிலிருந்து விலகி இருங்கள்

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஏதோ ஒரு பெயர் புரியவில்லை என்று தேடப் போனால், முதல் வரியிலேயே ஆறாவது எபிசோடின் ரகசியம் கிடக்கும். முதல் சீசன் முடியும்வரை தேடாதீர்கள். தொடர் எதையெல்லாம் புரியாமல் விடுகிறதோ அதையெல்லாம் திரும்பிவந்து சொல்கிறது.

(இனி வரும் பத்தி ஆறாவது எபிசோடைத் தொடுகிறது. பார்க்காதவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவுங்கள்.)

அந்த எபிசோடில் வகுப்பறைக் கரும்பலகை ஒன்று வரும். ஷேடி சாண்ட்ஸ் என்ற நகரத்தின் வீழ்ச்சி 2277 என்று எழுதி, அம்புக்குறி போட்டு, பக்கத்தில் குண்டுவெடிப்பு வரையப்பட்டிருக்கும். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நியூ வேகஸ் என்ற ஆட்டம் 2281-இல் நடக்கிறது, அதில் அந்த நகரத்தின் அரசு செழிப்பாகவே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். குண்டு விழுந்தது அந்த ஆட்டத்தின் நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் என்று டாட் ஹோவர்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வீழ்ச்சியின் தொடக்கம் ஓர் ஆண்டு, குண்டு விழுந்தது பிந்தைய ஆண்டு என்று படித்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கட்டியால் போட்ட ஓர் அம்புக்குறிக்கு இவ்வளவு வழக்கு! என்னைப் போன்ற புதியவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கடந்து போனோம். ஆனால் அந்த ஊரைப் பற்றி ஒன்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்: முதல் ஆட்டத்தில் அது மண்சுவர் சூழ்ந்த சின்ன விவசாயக் கிராமம், தலைவரின் பெயர் அரதேஷ், பேச்சில் 'தர்மா'வைத் துணைக்கு அழைப்பார். என் எலிகளைக் கடந்து போயிருந்தால் அவரைச் சந்தித்திருக்கலாம்.

ஏழாம் படி: ஆட வேண்டும் என்று தோன்றினால்

தோன்றும். 2024-இல் தொடர் வந்தவுடன் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டங்களெல்லாம் மறுபடி விற்பனைப் பட்டியலின் மேலே ஏறின. எதை எடுப்பது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், சண்டைக்கு வர ஆட்கள் உண்டு.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஃபால்அவுட் ஷெல்டர். 2015-இல் வந்த இலவச ஆட்டம், கைபேசியிலேயே ஓடும். நீங்கள்தான் வால்டின் மேற்பார்வையாளர். அறை கட்டி, தண்ணீர், மின்சாரம், உணவு மூன்றையும் சமாளிக்க வேண்டும். கதை அதிகம் இல்லை. பஸ்ஸில் போகும்போது நேரம் போகும்.

கை பழகாதவர்களுக்கு ஃபால்அவுட் 4. இதுவும் 2015, பாஸ்டன் நகரம் களம். குண்டு விழும் அந்த அக்டோபர் காலையிலேயே கதை தொடங்குவதால், தொடர் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வாசல் கதவு பழக்கமானதாக இருக்கும். சுடுவதும் நடப்பதும் இதில்தான் மிக இலகு. ஃபால்அவுட் 76 இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுவது. நண்பர் ஒருவர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் போங்கள்.

2008-இல் வந்த ஃபால்அவுட் 3-க்கு நம் நாட்டில் ஒரு கிளைக்கதை உண்டு. எக்ஸ்பாக்ஸுக்கான பதிப்பை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. காரணம் 'கலாச்சார உணர்வுகள்' என்பதற்கு மேல் விளக்கவில்லை. இந்த ஆட்டங்களில் கதிரியக்கத்தால் இரண்டு தலை முளைத்த மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர். அமெரிக்காவில் வளர்க்கும் பிராமன் இன மாட்டின் பெயரைத் திரித்தது. அதுதான் காரணமாயிருக்கும் என்று எல்லோரும் ஊகித்துக்கொண்டார்கள். வால்டில் வளர்ந்த பிள்ளை காணாமல்போன தந்தையைத் தேடி வெளியேறுவதுதான் இதன் கதை. லூசியை நினைத்துக்கொண்டே ஆடலாம்.

கதைக்காக ஆடுகிறவர்களுக்கு என் ஓட்டு 2010-இல் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய நியூ வேகஸ். தொடரின் இரண்டாவது சீசன் போய்ச்சேரும் ஊரும் அதுதான். தொடருக்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தைய கதை என்பதால், இரண்டாவது சீசனுக்கு முன் ஆடினாலும் சரி, பின் ஆடினாலும் சரி. ஆட்டத்துக்குப் பல முடிவுகள் உண்டு. எந்த முடிவு 'உண்மையில்' நடந்தது என்று அடித்துச் சொல்லப் போவதில்லை என்று தொடரை எடுத்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த முடிவை யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பழைய ஆட்டம், புதிய கணினிகளில் திடீரென்று நின்றுவிடும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பின்மேல் எழுதாமல் புதிய கோப்பாக. பருவகாலத் தள்ளுபடிகளில் நன்றாக விலை இறங்கும், அவசரப்பட்டு முழு விலைக்கு வாங்க வேண்டாம்.

தொடக்கத்தில் உங்கள் தலையில் சுட்டுப் புதைத்துவிடுவார்கள். பிழைத்து, குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் மருத்துவர் வீட்டில் கண் விழிப்பீர்கள். வெளியே வந்தால் வடக்கே தூரத்தில் வேகஸ் நகரத்தின் கோபுரம் பளபளக்கும், நேராக நடந்தால் எட்டிவிடலாம்போல. நடக்காதீர்கள். அந்தக் குறுக்குவழியில் ஆள் உயரக் குளவிகளும் டெத்கிளா என்ற கொம்பு முளைத்த ராட்சதப் பல்லிகளும் காத்திருக்கின்றன. தெற்கே பிரிம் ஊருக்குப் போகும் சாலையைப் பிடித்து, சுற்றிக்கொண்டு போங்கள். நான் வடக்கே நான்கு முறை போனேன்.